கோர்ட்டுக்குப் போட்டுப் போன கறுப்பு சுவெட்டர்

போன மாதம் எங்கள் மலைமேல் திரிங்காப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே நல்ல மழை. தோசைக்குச் சொல்லிவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால், சுவரில் மாட்டியிருந்த டிவியில் அந்தப் படம். கோர்ட் சீன். கூண்டில் அந்த அப்பாவி மனிதன், இந்தப் பக்கம் கறுப்புக் கோட்டு வக்கீல், முன் வரிசையில் மந்திரி கால்மேல் கால் போட்டுக்கொண்டு. "டேய் தம்பி, அத நிறுத்துடா" என்று கத்திவிட்டேன். பரிமாறுகிற பையன் வங்காளதேசத்துக்காரன். என் தமிழ் புரியாவிட்டாலும் என் முகம் புரிந்துவிட்டது போலிருக்கிறது, ஓடிப்போய் டிவியை நிறுத்தினான். நாலு மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

படத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அந்த நேரம் பார்த்து எதிர் மேசையில் ஒருவன் நனைந்த சுவெட்டரைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டான். அந்தப் படமும் நனைந்த கம்பளி வாடையும் ஒன்றாக வந்தால் நான் என்னதான் செய்வேன், நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் படம் பார்ப்பது என்றாலே அந்த வாடைதான். எழுபதுகளின் கடைசி. திடலில் ரெண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். கீழே ரப்பர் தோட்டங்களில் இருந்த சொந்தக்காரர்கள் விசிறிக்கொண்டு படம் பார்த்த கதையைச் சொல்வார்கள். நாங்களோ சுவெட்டர் போட்டு, மேலே கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பொழுது சாய்ந்ததும் பனி இறங்கிவிடும். படம் போடுகிற மிஷினிலிருந்து கிளம்புகிற வெளிச்சம் முதலில் பனியில் விழும், மிச்சம் மீதிதான் துணிக்குப் போய்ச் சேரும். கதாநாயகி மூஞ்சி எங்கள் தலைக்கு மேலே மிதக்கும். பனி கெட்டியாக இறங்கிய அன்று படமே தெரியாது, வசனம் மட்டும்தான். மலைக்காரர்கள் எல்லாருக்கும் வசனம் அத்துப்படியானது இப்படித்தான். கண்ணால் பார்த்ததைவிடக் காதால் பார்த்தது அதிகம்.

எனக்கு அப்போது இருபது வயது, கொழுந்து எடுக்கிற வேலை. ஒரு தடவை கேட்டால் போதும், முழு சீனையும் பேசிக் காட்டுவேன். பக்கத்துச் செடி நிரையில் என் வயசுச் சோட்டுக்காரி அஞ்சலை. "பேசுடி, கை ஓடும்" என்பாள். நான் இடுப்பில் கை வைத்து வக்கீலாக நின்றால் எங்களை மேய்க்கிற கங்காணி, மண்டோர்கூடத் திட்ட மறந்து கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு வக்கீலம்மா என்றே பேர் விழுந்துவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சநஞ்சப் பெருமையா! கூடையைச் சுமப்பதில்கூட ஒரு மிடுக்கு வந்திருந்தது.

கதை இதுதான். ஒரு மந்திரி, தன் ஊழலைக் கண்டுபிடித்த அதிகாரியைத் தீர்த்துக்கட்டிவிட்டு, பழியை ஆபீஸ் காவல்காரன் தலையில் கட்டிவிடுகிறான். காவல்காரனும் பயந்துபோய் முதலில் குற்றத்தை ஒத்துக்கொள்கிறான். செத்துப்போன அதிகாரி எழுதி வைத்த கடுதாசி வக்கீல் கையில் கிடைக்கிறது. மனுஷன் அதை மூச்சு விடாமல் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு அலைகிறார். கடைசியில் ஜட்ஜ் தீர்ப்பு எழுதப் பேனாவை எடுத்து மையில் தொடுகிறார் பாருங்கள், அப்போது எழுந்து நின்று கடுதாசியை உருவுகிறார். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைக்கிறார். மந்திரிக்கு விலங்கு. திடலே எழுந்து நின்று கை தட்டியது. அஞ்சலை அந்தத் துணியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

படத்தைக் கொண்டுவந்தவர் தலைவர். கட்சிக் கிளைக்குத் தலைவர், கோயில் கமிட்டிக்குத் தலைவர், பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்துக்கும் தலைவர். சொந்தப் பேரே மறந்துபோய் எல்லாருக்கும் தலைவர் ஆகிவிட்டார். எலெக்சன் கிட்டே வந்தால் படம் வரும். ரீல் மாற்றுகிற நேரமெல்லாம் மைக் அவர் கையில். "பாத்தீங்களா, நீதின்னா இதான். நம்ம ஜனத்துக்கு ஒரு அநியாயம்னா இந்த மாதிரி நான் நிப்பேன்" என்றார் அன்றைக்கு. நானும் கை தட்டினேன். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

தலைவருக்கு நாலு லோரி இருந்தது. திரிங்காப், கோலா தெர்லா தோட்டங்களில் காய்கறி ஏற்றிக் கீழே கொண்டுபோகிற லோரிகள். விடிகாலையில் அதே லோரிகள்தான் காண்ட்ராக்டில் எங்களைக் கொழுந்து மலைக்கு ஏற்றிக்கொண்டு போகும். முட்டைக்கோஸ் சருகும் சேறும் வழவழக்கிற பெட்டியில் ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே போவோம். அதில் ஒரு லோரியை ஓட்டியவர் சந்தனசாமி மாமா, என் அக்கா புருஷன். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷன். ஹாரன் அடிக்கவே யோசிப்பார்.

அந்த லோரிக்கு பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. மாமா மூன்று தடவை தலைவரிடம் போய்ச் சொன்னார். வாயால் சொன்னது காற்றோடு போனதும், ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினார். பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு அவர் அதை எழுதியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தலைவர் அதே சீட்டின் பின்பக்கத்தில் பதில் எழுதி, கம்பெனி ரப்பர் முத்திரை, எங்கள் பேச்சில் சாப்பு, அதையும் குத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த வாரம் ஓட்டு, அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் அதில் இருந்த சாரம். மாமா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தார். நான் உருவி எடுத்து வக்கீல் குரலில் நாலைந்து தடவை வாசித்துக் காட்டினேன். அக்கா சிரித்தாள். சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது அப்போது.

அந்த வாரம் முடியவில்லை. மழைக் காலை, கீழ் மலைக்கு இறங்குகிற வளைவு. "பிரேக் புடிக்கல, கெட்டியா புடிச்சுக்கங்க" என்று மாமா முன்னாலிருந்து கத்தியது எனக்குக் கேட்டது. எனக்கு மட்டும் கேட்கவில்லை, பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. லோரி தேயிலைக்குள் சாய்ந்தது. செடிகள்தான் தாங்கிப் பிடித்தன, இல்லையென்றால் எல்லாரும் பள்ளத்தில். அஞ்சலை மட்டும் லோரிக்கு அடியில் போய்விட்டாள். என் வலது முழங்கை அன்றைக்கு முறிந்தது. இன்றைக்கும் நேராக நிற்காது, தோசை பிய்க்கும்போது பார்த்தால் தெரியும்.

கவனமில்லாமல் ஓட்டி உயிர்ச்சேதம் செய்ததாக மாமா மேல் கேஸ். மறுநாளே லோரியைத் தலைவர் ஆட்கள் இழுத்துக்கொண்டு போய்ப் புது பிரேக் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் வந்து சோதித்தாலும் அது நன்றாகத்தானே பிடிக்கும். எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்த தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வக்கீலை நான் வைக்கிறேன், நீங்கள் யாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம் என்றார். அக்கா அவர் காலில் விழுந்தாள்.

லோரியும் அவருடையது, வக்கீலும் அவர் வைத்த ஆள், உங்களுக்கு உறைக்கவே இல்லையா என்று கேட்பீர்கள். உறைத்தது. உறைத்து என்ன செய்ய? வேறு வக்கீலுக்கு எங்கே போவது? அதுவரை எங்கள் லயத்தில் எவரும் கோர்ட் வாசலை மிதித்ததில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரே வக்கீல் படத்தில் வந்தவர்தான்.

அக்கா சீட்டை எடுத்துப் போலீசிடம் காட்டிவிடலாம் என்றாள். படிப்பு வாசனை இல்லாதவளுக்கு அது தோன்றியது. வக்கீலம்மாவுக்குத் தோன்றவில்லை! "இப்ப காட்டாதக்கா. படத்துல எப்ப எடுத்தாரு? ஜட்ஜு பேனாவ எடுத்ததுக்கப்புறந்தான். முன்னாடியே காட்டுனா எதிராளி உஷாராயிருவான்" என்றேன். சாயங்காலம் எங்கள் வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடி இதை அலசினார்கள். மண்டோர் சரி என்றார். பூசாரி சரி என்றார். "வக்கீலம்மா சொல்றது கரெக்ட்டுதான்லா" என்று பக்கத்து வீட்டுக்காரர் தீர்ப்பே சொல்லிவிட்டார். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அது சினிமாடி மூதேவி என்று என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்திருக்கக் கூடாதா?

தலைவர் வைத்த வக்கீல், மாமாவைக் குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொன்னார். ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு போகும், சண்டை போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்கவும் செய்தார். நான் மாமாவைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றேன். அவர் போன பிறகு மாமா மெல்ல என் பக்கம் திரும்பி, "என்னா புள்ள செய்யலாம்?" என்று கேட்டார். நாற்பது வயது மனுஷன், இருபது வயதுக் கழுதையிடம் கேட்டார்.

"ஒத்துக்கங்க மாமா. காவக்காரனும் மொதல்ல ஒத்துக்கிறான்ல? அப்புறந்தானே எல்லாம் திரும்புது."

இதைச் சொன்ன வாய் இதுதான். இதே வாய்தான் அன்றைக்கு அந்தக் கடையில் தோசை தின்றது.

கேஸ் நாளன்று நான் ஒரு கறுப்பு சுவெட்டர் போட்டுக்கொண்டு போனேன். ஏன் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். சீட்டை உருவ ஒரு கறுப்புக் கோட்டு வேண்டுமே! கோர்ட் கீழே டவுனில். அங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கழுத்து வரை பொத்தான் போட்ட கம்பளிக்குள் நான் அவிகிறேன், கட்டுப் போட்ட கை வேறு. வேர்வையில் சீட்டு நனைந்துவிடுமோ என்று பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி என்னைப் பார்த்துத் தன் விசிறியை நீட்டினாள்.

படத்தில் இருந்த எதுவும் அங்கே இல்லை. சுத்தியல் இல்லை, சத்தியம் வாங்கவில்லை, யாரும் யாரையும் விரல் நீட்டிப் பேசவில்லை. மாஜிஸ்திரேட் சின்ன வயசுக்காரர், ஜலதோஷம் பிடித்திருந்தது. எங்கள் முறைக்கு முன்பிருந்தே எழுதிக்கொண்டே இருந்தார். பேனாவைக் கீழே வைக்கவே இல்லை. கையிலேயே இருக்கிற பேனாவை எப்போது தீர்ப்புக்காக எடுப்பார் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மொழிபெயர்த்துச் சொல்கிற துபாசி தமிழில் கேட்டார், குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று. "ஒத்துக்கிறேங்கய்யா" என்றார் மாமா. வக்கீல் எழுந்து இங்கிலீஷில் ஏதோ ரெண்டு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மாஜிஸ்திரேட் ஏதோ சொன்னார், மூக்கைத் துடைத்தார். போலீஸ்காரர் வந்து மாமா தோளில் கை வைத்தார். இனிமேல்தான் விசாரணை என்று நான் இன்னும் காத்திருக்கிறேன். பார்த்தால், சைக்கிள் திருடின ஒருவனைக் கொண்டுவந்து மாமா நின்ற இடத்தில் நிறுத்துகிறார்கள்.

அடித்துப் பிடித்து எழுந்தேன். ஒற்றைக் கையால் சுவெட்டர் பொத்தான் அவிழ மாட்டேன் என்கிறது. வாயில் வந்தது என்ன தெரியுமா? "ஒரு நிமிஷம், கனம் நீதிபதி அவர்களே!" படத்து வக்கீலின் அதே ராகம். மாஜிஸ்திரேட்டுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என்னைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

துபாசி பின்னாலேயே வந்தார், நல்ல மனுஷன். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "குத்தத்த ஒத்துக்கிட்டா அதோட முடிஞ்சிரும்மா. சாட்சி, விசாரணை ஒன்னும் கெடையாது. எட்டு மாசம் போட்டாங்க, லைசென்சும் போச்சு. இத ஏம்மா முன்னாடியே காட்டல?" என்றார்.

அப்போதுதான் வக்கீல் வெளியே வந்தார். என்ன அது, காட்டுங்கள், அப்பீலுக்கு ஆகும் என்று கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன். அத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்ததை அவர் கேட்டதும் ஏன் கொடுத்தேன் என்று என்னையே நான் எத்தனையோ தடவை உலுக்கிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கோட்டுதான். நல்ல கறுப்பு, நல்ல தையல். சீட்டை ரெண்டாக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தார். படத்தில் வைத்த மாதிரியே வைத்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அந்தக் கோட்டிலிருந்து அது வெளியே வரவே இல்லை. மூன்று தடவை பஸ் ஏறிப் போனேன். முதல் தடவை வக்கீல் வெளியூர், ரெண்டாவது தடவை பார்க்க நேரமில்லை, மூன்றாவது தடவை, அப்படி ஒரு சீட்டை நான் பார்க்கவே இல்லையே என்றார். கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். தலைவரிடம் போனால், கோர்ட் விவகாரத்தில் நான் தலையிட முடியாதும்மா என்றார். அவர் நெற்றியில் விபூதி பட்டை பட்டையாக இருந்தது. அதை அப்படியே வழித்து அவர் மூஞ்சியில் எறிய வேண்டும் போல எனக்குக் கை துறுதுறுத்தது.

அக்கா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலாம். "நீ படத்த பாத்து கெட்ட, நாங்க உன்ன பாத்து கெட்டோம்" என்றாள், ஒரே ஒரு தடவை. அதன் பிறகு சாகும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை. என்னை வக்கீலம்மா என்று கூப்பிடுவதையும் லயத்தில் எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

ஜெயிலில் மாமாவைப் பார்க்கப் போனபோது அவர் முதலில் கேட்டது, "சீட்டு பத்தரமா இருக்கா?" வக்கீலிடம் இருக்கிறது மாமா, அப்பீலுக்கு என்றேன். "குடுத்துட்டியா?" என்றார். பிறகு அக்காவுக்கு இருமல் தேவலையா என்று கேட்டார்.

இதற்கு மேலேயும் ஒன்று இருக்கிறது. எனக்கு வயிறு எரிவது அதில்தான். மாமா உள்ளே இருக்கும்போதே எலெக்சன் முடிந்து தலைவர் கட்சி ஜெயித்துவிட்டது. வெற்றிக்குப் படம் போட்டார்கள். ஜனங்கள் விரும்பிக் கேட்டதால் அதே படம்! போகக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வசனம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஜட்ஜ் பேனாவை எடுக்கிற சீன் நெருங்குகிறது என்று காது சொன்னதும் எழுந்து ஓடினேன். அன்றைக்குப் பனியே இல்லை, துணியில் படம் பளிச்சென்று இருந்தது. மிஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். என் நிழல் ஜட்ஜ் மூஞ்சி பூராவும் விழுந்தது.

"இந்தாளு லோரிதான் பிரேக் புடிக்கல! இந்தாளு வச்ச வக்கீல்தான் சீட்ட முழுங்குனான்!" என்று கத்தினேன். லவுட்ஸ்பீக்கர் என்னைவிடப் பெரிதாகக் கத்தியது. முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தலைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பியது எங்கள் ஜனம்தான். ஒக்காருடி என்கிறார்கள், யாராவது அவள இழுங்கப்பா என்கிறார்கள். என்னோடு அதே லோரியில் விழுந்து எழுந்தவர்கள். மாமா கத்தினது காதில் விழுந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் அஞ்சலை புருஷனும் இருந்தான். அவன் கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னான்.

"தள்ளி நில்லு புள்ள. மறைக்குது."

நான் தள்ளி நின்றேன். பின்னால் துணியில் வக்கீல் கடுதாசியை எடுத்தார், ஜட்ஜ் பேனாவை வைத்தார், மந்திரிக்கு விலங்கு போட்டார்கள், எல்லாரும் கை தட்டினார்கள். அவனும் தட்டினான். அவன் மேல் எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் பிறகு கொஞ்சம் தணிந்துவிட்டது. தள்ளி நின்றேனே, அந்த என் மேல் இன்னும் தணியவில்லை.

மாமா வெளியே வந்ததும் லோரிப் பக்கமே போகவில்லை. லெம்பா பெர்த்தாமில் ஒருவர் காய்கறித் தோட்டத்தில் மண் கொத்தினார். அங்கேயே இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். அவர் கொத்தின பாத்திகளும் பிற்பாடு வெள்ளத்தில் சேறு மூடிப் போயின. எங்கள் லயத்தை இடித்துவிட்டார்கள். படம் போட்ட திடலில் சுற்றுலா பஸ்கள் நிற்கின்றன. இறங்கி வந்து தேயிலையோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கொழுந்து எடுப்பவர்கள் வேறு தேசத்துக்காரர்கள். தலைவர் பேருக்கு முன்னால் பட்டம் வாங்கி, மாலை மரியாதையோடு செத்தார். ஒரு மண்டபத்துக்கு அவர் பேர் வைத்திருக்கிறார்கள், அங்கே நடக்கிற கல்யாணத்துக்கு நான் போவதில்லை. பனிகூட முன்போல் இல்லை. அந்தப் படம் மட்டும் போகவில்லை, பாருங்கள். ஒரு கீறல் இல்லாமல், பளபளவென்று, தோசைக் கடை வரைக்கும் வந்து நிற்கிறது.

ஒன்று சொல்லட்டுமா? தலைகீழாக ஒப்பித்த அந்த வசனம் எல்லாம் எனக்கு மறந்துவிட்டது. கோர்ட்டில் எழுந்து நின்று கத்தினேனே, அந்த ஒற்றை வரிதான் மிச்சம். அந்தச் சீட்டு மறக்கவில்லை. நாலைந்து தடவை விளையாட்டாக வாசித்ததுதான், எழுத்துக்கு எழுத்து அப்படியே நிற்கிறது. காட்ட வேண்டிய நேரத்தில் காட்டாதவள், இங்கே எழுதி வைக்கிறேன்.

முன்பக்கம், பென்சில், மாமா கையெழுத்து: "தலைவர் அவர்களுக்கு. லோரி பிரேக் புடிக்கவில்லை. மூனு தடவை சொல்லிவிட்டேன். ஆள் ஏத்த பயமாக இருக்கிறது. சந்தனசாமி."

பின்பக்கம், நீல மை, தலைவர் கையெழுத்து: "இந்த வாரம் ஓட்டு. பொம்பளை ஆளுங்கதானே, பாரம் கம்மி. அடுத்த வாரம் பார்க்கலாம்."

அதற்குக் கீழே கம்பெனி சாப்பு. கொஞ்சம் சாய்வாக விழுந்திருந்தது.